ஏழாவதாக வாங்கிய படம்

ஜூலை 27

காலையில் ரேஷன் கடை. பருப்பு இன்னும் வரவில்லை என்று பாமாயிலை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, காபி குடித்து, ஒரு சினிமா வாங்கினேன்.

டிக்கெட் இல்லை. சினிமாவையே. ஆபீஸில் எங்கள் பதிவறையில் பக்கத்து நாற்காலிக்காரன் விமல்ராஜ் போன வாரம் காட்டிய வித்தை. போனில் ஒரு கடை இருக்கிறது. பழைய படங்களைக்கூட விற்கிறார்கள். 'வாங்கு' என்ற பச்சைப் பட்டனைத் தொட்டால் நம் பெயரில் ஏறிவிடுகிறது. "வாடகைக்கு எடுக்காத வேணு, ரெண்டு நாள்ல புடுங்கிடுவான். வாங்கிடு. ஆயுசுக்கும் உன்துதான்" என்றான். இருபது வருஷமாக அடுத்தவர் நிலத்துக் கோப்புகளைத் தூசு தட்டி எடுத்துக் கொடுப்பவனுக்கு 'உன்து' என்று கேட்டால் ஆசை வராதா?

எங்கள் ஊர் அடி அண்ணாமலை டென்ட்டுக் கொட்டகையில் அம்மாவோடு பார்த்த படம் அது. தரை டிக்கெட். மணலைக் குவித்து என்னை மேலே உட்கார வைப்பாள். பகலெல்லாம் நாற்று நட்டவள், இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவாள். திரும்பி நடக்கும்போது, "அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆனா?" என்பாள். மீதிக் கதையை நான் சொல்லிக்கொண்டு வருவேன். மறந்துபோன இடத்தில் நானே கட்டிவிடுவேன்.

இன்று பார்க்கிறேன், அந்தப் பெண் இரண்டாம் பாதியில் செத்துப்போகிறாள். அம்மாவிடம் நான் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்து இரண்டு பிள்ளையும் கொடுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3

ஆறு படம் ஆகிவிட்டது. 'என் நூலகம்' என்று தனியாக ஒரு பக்கம். வரிசையாக அட்டைப்படங்கள். படம் பார்ப்பதைவிட அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சுகமாக இருக்கிறது.

என் மனைவி அருணாதேவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன்ல அப்படி இன்னாதாங்க இருக்குது?" என்றாள். ஆபீஸ் மெசேஜ் என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

ஆகஸ்ட் 10

ஏழாவது படம். இதை வாங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாத காரணம், ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் ஊரில் ஒரு ஷூட்டிங் நடந்தது. வேனில் வந்து பெண்களைக் கூட்டக் காட்சிக்கு அழைத்துப் போனார்கள். சோற்றுப் பொட்டலமும் பதினைந்து ரூபாயும். அம்மாவும் போனாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டாள். ராத்திரி அவள் திரும்பி வந்ததும், "படத்துல வருவியாம்மா?" என்று குதித்தேன். "என்னிய வெட்டிட்டாங்கடா, கம்மினு தூங்கு" என்று எரிந்து விழுந்தாள். என்ன படம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பெயர் வைக்காமலே எடுத்தார்களாம், இல்லை பிறகு மாற்றினார்களாம்.

நான் பதின்மூன்றில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். ஆராயி என்ற பெயருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. வாக்காளர் அட்டை வருவதற்கு முன்பே போய்விட்டாள், கல்யாணத்தில் போட்டோ எடுக்க வசதி இல்லை. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் வெள்ளைப் புடவை வருகிறது, வெறும் நெற்றி வருகிறது, முகம் வருவதில்லை. அப்பா பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு இருபத்தைந்து. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்த வெள்ளைதான்.

வெட்டியிருக்கமாட்டார்கள். ஏதோ ஒரு மூலையில் இருப்பாள். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வந்த படங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தால் அகப்படமாட்டாளா?

இந்த ஏழாவதில் இல்லை. எங்கள் ஊர் மலையே தெரியவில்லை. நடுவில் ஒரு கல்யாணம், ஆரத்தி, ஒரு சண்டை. வேகமாக ஓட்டிவிட்டேன். பார்த்தவை வரிசையில் டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். மிட்டாய். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே நான்கு படம்.

ஆகஸ்ட் 31

பி.எஃப். முன்பணம் வந்தது. பின்னறைக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்றுவதற்கு என்று போட்டது. தேவியின் மிஷினும் ஜாக்கெட் துணிகளும் அந்த அறையில்தான்.

ஷீட்டை மழைக்கு முன்னால் போட்டால் போதும் என்று தோன்றியது. போன் திரையில் கூட்டத்தில் ஒரு முகம் கடுகு அளவுதான் தெரிகிறது. ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று எடுத்தேன். "ஆஃபர்ல பாதி விலைக்கு குடுத்தான்" என்றேன். தேவி டிவியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். "ஷீட்டு?" என்றாள். "அதுக்குத் தனியா வெச்சிருக்கேன்."

வைத்திருக்கிறேன்தானே? பாதி இருக்கிறது.

செப்டம்பர் 14

அடி அண்ணாமலை போய் வந்தேன். சந்திரம்மாள் பெரியம்மாவைப் பார்த்தேன். அம்மாவோடு அன்று வேனில் போனவர்களில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறாள். எழுபத்தைந்து இருக்கும், இன்னும் சில்லறையை இடுப்பில்தான் செருகுகிறாள். ஷூட்டிங்கைப் பற்றிக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. உனுக்கு வேற வேலையே இல்லையாடா? டீய குடிச்சிட்டு கெளம்பு."

அம்மா கூட்டத்தில் எங்கே நின்றாள் என்றாவது கேட்டேன். பாலை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

நூலகத்தில் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் பத்திரப்படுத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினேன். அதில் ஏற்ற முடியாதாம், அந்தக் கடையின் ஆப்புக்குள் மட்டும்தான் ஓடுமாம். காலி டிஸ்க் பீரோவில் தூங்குகிறது.

அக்டோபர் 5

நாளை பௌர்ணமி, கிரிவலம். பஸ் ஸ்டாண்டிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டோ கிடைக்காமல் வேங்கிக்காலில் வீடுவரை நடந்தேன். நடந்துகொண்டே ஐந்து படம்.

உள்ளதை எழுதுகிறேன். இந்த ஐந்தில் ஒன்றுகூட அந்த வருஷத்துப் படம் இல்லை. ஒன்று போன வருஷம் வந்தது. தள்ளுபடி போட்டிருந்தான். பச்சைப் பட்டனைத் தொட்டதும் ஒரு சின்ன மணி அடிக்கிறது. அந்த மணிக்காகத்தான் வாங்குகிறேனோ?

அக்டோபர் 22

தீபாவளி முடிந்து இரண்டு நாள். விடாத மழை.

மத்தியானம் ஆபீஸுக்கு போன். தேவி கத்தவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னறையில் ஷீட் விரிசல் வழியாக நேராக மிஷின் மேல் கொட்டியிருக்கிறது. மணியம்மாள் வீட்டுக் கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட், எம்பிராய்டரி போட்டு முடித்து, நாளைக்குக் கொடுக்கவேண்டியது. சிவப்புச் சாயம் இறங்கித் துணி பூராவும் திட்டுத்திட்டு. மணியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல விடு தேவி" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றாள் தேவி.

"ஷீட்டுக்குத் தனியா வெச்சிருக்கேன்னீங்களே. எடுங்க. ஆள கூப்புடலாம்."

நான் போனைப் பாக்கெட்டில் செருகினேன்.

"எடுங்க."

கடைசியில் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். என் நூலகம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. முந்நூற்று நாற்பது. "இதுல எத்தன பாத்தீங்க?" என்றாள். அறுபத்தொன்று. சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது.

இருபத்துநாலு வருஷமா இந்தப் பொம்பள ஊக்கு ஊக்கா தெச்சி சேத்தா. நான் இன்னா பண்ணேன்? பட்டன அமுக்கினேன்.

அக்டோபர் 23

பேசவில்லை. மிஷினைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு புதுத் துணி வாங்கித் தைக்கிறாள்.

அக்டோபர் 26

இன்று சொல்லிவிட்டேன். ஷூட்டிங், பதினைந்து ரூபாய், முகம் மறந்துபோனது, எல்லாம். நாற்பத்தாறு வயசில் அம்மாவைத் தேடுகிறேன் என்று கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மடையன் நான்.

"மாமியாரத் தேடறவரு போன வருஷம் வந்த படத்த எதுக்கு வாங்கினீங்க?"

 இதை எழுதும்போதும் அந்த மணிதான் காதில் கேட்கிறது.

நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா நானும் கூட தேடியிருப்பேன்ல" என்றாள்.

நவம்பர் 8

பதின்மூன்று நாளாக ஒன்றும் வாங்கவில்லை.

நவம்பர் 9

மூன்று.

நவம்பர் 10

போனில் இருந்த வங்கிக் கணக்கை எடுத்துவிடும்படி தேவியிடமே போனைக் கொடுத்தேன். எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. சென்னையில் வேலையில் இருக்கும் எங்கள் பெண் எழிலைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஸ்பீக்கரில் எழிலின் குரல்: "அப்பா, நெஜமாவே எடுத்துடலாமா?" எடுத்துடலாம்மா என்றேன். பீடியை விட்ட அன்றுகூட இப்படிக் கை நமநமக்கவில்லை.

டிசம்பர் 2

அந்தக் கடையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில். விமல்ராஜிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கடைய மூடறாங்களாம் வேணு. ஜனவரி முப்பத்தொண்ணு கடைசி. அதுக்கப்புறம் நீ வாங்கின எதுவும் ஓடாது."

"ஆயுசுக்கும்னு சொன்னியே?"

"கடையோட ஆயுசு போலிருக்குது. இங்க பாரு, நீ வாங்கினது படம் இல்லியாம். பாக்கறதுக்கு அனுமதியாம். சின்ன எழுத்துல போட்டிருக்கான்." அவனும் நாற்பது ஐம்பது வாங்கியிருக்கிறான். பாவம், அவனைத் திட்ட மனசு வரவில்லை.

சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுகிறவர்களை இருபது வருஷமாகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். "படிச்சி பாக்கறது இல்லையா?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்!

பணம் போகட்டும். அந்த வருஷத்துப் படங்களில் இன்னும் அறுபதுக்கு மேல் பார்க்காமல் கிடக்கிறது. அதில் ஒன்றில் அம்மா இருந்தால்? இரண்டாவது முறையாகப் போய்விடுவாளே.

டிசம்பர் 7

தீபம் முடிந்து நாலாம் நாள். கிரிவலப் பாதை பூராவும் பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலும். தேவி, "அந்தப் பெரியம்மாவ நான் பாக்கறேன்" என்று கூட வந்தாள். சந்திரம்மாளுக்கு அளவு தளர்த்தித் தைத்த ஜாக்கெட் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். என்னை எதிரே இருந்த மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முக்கால் மணி நேரம். தேவி கண்ணைத் துடைப்பது அங்கிருந்தே தெரிந்தது. பிறகு பெரியம்மாவே கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"உக்காரு. உங்கம்மா என் தலமேல கைய வெச்சி சத்தியம் வாங்கினா, புள்ளைக்கு தெரியக்கூடாதுன்னு. இம்மா நாளு காப்பாத்திட்டேன். உன் பொண்டாட்டி கேக்கற கேள்விக்கு என்னால முடியலடா."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

கிரிவலக் கூட்டத்தில் எல்லாரையும் நடக்கவிட்டார்களாம். நடுவில் படக்காரன் ஒருத்தன் வந்து, கல்யாணம் முடிந்து வருகிற மாப்பிள்ளை பொண்ணுக்கு ஆரத்தி எடுக்க ஒரு பெண் வேண்டும் என்றானாம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவிடம் நின்றானாம். "இந்தம்மா மொகம் லட்சணமா இருக்கு, பொடவய மாத்தி கூட்டினு வாங்கன்னான். அவ தாலி அறுத்தவன்னு எங்க யாரு வாயும் தொறக்கலடா. அவளும் தொறக்கல. வேன் பின்னாடி கூட்டினு போயி சேப்புப் பொடவ கட்டிவுட்டேன். பொட்டு வெச்சேன். ரெண்டு மொழம் பூ, நான்தான் வெச்சிவுட்டேன். கண்ணாடி கேட்டா. வேன் கண்ணாடிலயே பாத்தா. பாத்துகினே இருந்தா."

அதற்குப் பிறகு?

"அதுக்கப்புறம் இன்னா? அஞ்சாறு வாட்டி எடுத்தான். ஒவ்வொரு வாட்டியும் சிரிச்சிகினே எடுத்தா. முடிஞ்சதும் கெணத்தாண்ட போயி நெத்திய தேச்சி தேச்சி கழுவினா. பூவ என் மடில போட்டுட்டா. உங்கப்பன் வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா வெட்டியே போட்டிருப்பாங்க. அதான் வெட்டிட்டாங்கன்னு உன்னாண்ட சொல்லிட்டா."

நான் நாலு மாதமாக மலையைத் தேடினேன். வெள்ளைப் புடவையைத் தேடினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது தேவி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அக்டோபருக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

டிசம்பர் 14

தேவி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆர்டர் நோட்டில் படங்களின் பட்டியல். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்று. அவள் ஊக்கு தைத்துக்கொண்டே பார்க்கிறாள். ஆரத்தி வந்தால் நிறுத்தவேண்டும். இந்தச் சினிமாக்காரர்கள் எத்தனை ஆரத்திதான் எடுப்பார்கள்! படத்துக்கு ஒன்று கட்டாயம்.

டிசம்பர் 21

பன்னிரண்டு படம் முடிந்தது. எந்த ஆரத்தியிலும் அம்மா இல்லை. இல்லை, இருந்தும் எனக்குத் தெரியவில்லையா? சிவப்புப் புடவையில் அவளை நான் பார்த்ததே இல்லையே. முகம் மறந்தவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? 

டிசம்பர் 28

எழில் லீவில் வந்திருக்கிறாள். காலை பத்து மணி. நான் பட்டியலில் அடுத்ததைப் போடப் போனேன். தேவி தடுத்தாள்.

"மொதல்ல டிக்கு போட்டீங்களே, அதெல்லாம் போடுங்க."

"அதெல்லாம் பாத்தாச்சு தேவி."

"பாத்தேன்னு நீங்க சொல்றத நம்பற மாதிரியா வெச்சிருக்கீங்க?"

 முதலிலிருந்து, கல்யாணமும் ஆரத்தியும் வரும் இடங்களை மட்டும் போட்டேன். எழில் வாசலில் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாவது. நான் ஓட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தேனே, அதே படம். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பொண்ணும் வாசலுக்கு வருகிறார்கள். தேவி கத்தினாள்.

"என்னங்க, நிறுத்துங்க! எழில் எப்படி அதுல?"

எழில் அப்போது எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, வாயில் முறுக்கு.

நிறுத்தினேன். ஆரத்தித் தட்டோடு ஒரு பெண். சிவப்புப் புடவை. பெரிய பொட்டு. தோளில் தொங்குகிற மல்லிகை. எங்கள் எழிலின் அதே நெற்றி, சிரிக்கும்போது இடது பக்கம் ஏறுகிற அதே உதடு. வயசு இருபத்தெட்டு. என்னைவிட எத்தனை சின்னவள்! நான் ஒரு நடுத்தர வயதுக்காரியைத் தேடியிருக்கிறேன். இது ஒரு சின்னப் பெண்.

மூன்று சுற்று சுற்றுகிறாள். தட்டிலிருந்து எடுத்து மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைக்கிறாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள், ஒரு விநாடி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். நேராக என்னை.

அம்மா, அம்மா, நான்தாம்மா ஓட்டிட்டேன். ஏழாவதுலயே வந்து நின்ன. நான்தான் ஓட்டிட்டேன்.

எழில் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள் தேவி. எத்தனை வாட்டி போட்டோம் என்று தெரியாது. போனில் அதே படத்தைப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பார்த்தேன், கறுப்பாகத்தான் வருகிறது, திருட்டைத் தடுக்கிறார்களாம். தேவி தன் போனைத் தூக்கி டிவிக்கு நேராக நீட்டி, போட்டோவும் எடுத்தாள், பதினோரு விநாடி வீடியோவும் எடுத்தாள். வீடியோவில் நாதஸ்வரம் சரியாகக் கேட்கவில்லை. தேவி மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்கிறது.

டிசம்பர் 29

படத்தை முழுசாகப் பார்த்தேன். அந்த மாப்பிள்ளையும் பொண்ணும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அம்மா கேட்டிருந்தால் ஒன்றையும் மாற்றாமல் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 6

தேரடித் தெருப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் கேட்டேன். "சார், ஓரத்துல ஒரு தோளும் மாலையும் வருது. ஹீரோவா? எடுத்துடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "டிவி கோடு தெரியுதே?" இருக்கட்டும் என்றேன். "நெத்தி பொட்டு கொஞ்சம் கலங்கலா இருக்கு சார், அதையாவது பளிச்சுனு வெச்சித் தரட்டுமா?"

அதைத் தொடவே கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 11

டிவியை விமல்ராஜின் மச்சானுக்கு விற்றுவிட்டேன். தேவி, "கடசி தேதிவரைக்கும் இருக்கட்டுமே, இன்னும் பாக்காத படம் எவ்ளோ கெடக்குது" என்றாள். கிடக்கட்டும்.

ஜனவரி 13

போகிக்கு முதல் நாள் ஷீட் போட்டு முடித்தார்கள். மிஷின் பழைய இடத்துக்குப் போனது. மழையே இல்லாத மாதத்தில் கூரை மாற்றுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்றாள் தேவி. மணியம்மாள் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் இங்கேதான் துணி கொடுத்திருக்கிறாள்.

ஜனவரி 31

காலையில் எழில் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "இன்னிக்குதானேப்பா மூடறாங்க?" அதைப் பார்த்துத்தான் எனக்கு ஞாபகமே வந்தது. ஆப்பைத் திறக்கவில்லை.

இன்று அம்மாவின் நினைவு நாள். ஒவ்வொரு வருஷமும் போட்டோ இல்லாததால் ஒரு வெள்ளைப் புடவையை மடித்துப் பலகையில் வைத்து, விளக்கேற்றி, இலை போட்டுப் படைப்போம். பூ வைப்பதில்லை. குங்குமம் வைப்பதில்லை. அவளுக்கு அது கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும்.

தேவி இந்த வருஷம் பலகையில் சட்டம் போட்ட போட்டோவையும் முன்னால் ஒரு சிவப்புப் புடவையையும் வைத்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை. சந்திரம்மாள் பெரியம்மா ஆட்டோ பிடித்து வந்தாள், முந்தானையில் ஈரத்துணி சுற்றிய மல்லிகை. "அன்னிக்கு என் மடில போட்டுட்டு போனா. எம்மா நாளு நானே வெச்சிருக்கறது?" என்று படத்தின் மேல் தொங்கவிட்டாள். பிறகு போட்டோவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள்.

செத்தவர்கள் படத்துக்குக் கண்ணாடிமேல் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தேவி பழக்கத்தில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு போனாள். படத்துக்குக் கிட்டே போய் விரல் அப்படியே நின்றது.

"வெச்சிகினுதாங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, விரலில் இருந்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.